ஜாக்கியும் சுமைதாங்கியும்: டிராக்டர் பட்டறைக் கையேட்டுக்குச் சில சொற்கள்

மடல் 1 – கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம். சிறு பட்டறைகளுக்கான டிராக்டர் பழுதுநீக்கக் கையேட்டில் பளு தூக்கும் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் இயல் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று பொருள்களுக்குச் சொல் வேண்டும். கீழிருந்து வண்டியைக் கிளப்பும் ஜாக்கி ஒன்று. கிளப்பியபின் சக்கர அச்சுக்கு அடியில் வைத்துவிட்டு ஜாக்கியை இறக்கிவிடுகிறோமே, அந்த இரும்பு ஸ்டாண்டு இரண்டாவது. உத்திரத்தில் மாட்டிச் சங்கிலியை இழுத்து என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக் மூன்றாவது. வரைவில் இப்போதைக்குத் தூக்கி, தாங்கி, சங்கிலித்தூக்கி என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் புதன்கிழமைக்குள் எழுதுங்கள்.

மடல் 2 – பட்டறைப் பயிற்றுநர்

மூன்றுமே சிக்கல் ஐயா. டிராக்டரிலேயே பின்னால் ஒரு லிப்ட் இருக்கிறது, கலப்பையை ஏற்றி இறக்குவது. ஐந்தாம் இயலில் அதற்கும் "தூக்கி" என்றுதான் போட்டிருக்கிறீர்கள். "வேலை தொடங்குமுன் தூக்கியை இறக்கிவிடவும்" என்று படிக்கிற மாணவன் எதை இறக்குவான்? என்ஜினை நிறுத்தியபின் லிப்டில் தொங்கும் கலப்பை தானாக இறங்கக்கூடும் என்பதால்தான் அந்த வரியே இருக்கிறது.

"தாங்கி" இன்னும் மோசம். பேரிங்குக்கு அதைத்தான் வைத்திருக்கிறீர்கள். "அச்சுத்தாங்கியைக் கழற்றவும்" என்றால் பேரிங்கைக் கழற்றுவதா, வண்டிக்கு அடியிலிருக்கும் ஸ்டாண்டை உருவுவதா? இரண்டாவதைச் செய்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

மடல் 3 – இலக்கண அன்பர்

பயிற்றுநர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தூக்கி, தாங்கி, உயர்த்தி, ஏற்றி எல்லாம் இகர விகுதி பெற்ற வினைமுதற்பெயர்கள். வினையெச்சமும் அதே வடிவம். "தூக்கி வைக்கவும்" என்று அச்சிட்டால் அது கருவியா செயலா என்று தெரியாது. எழுவாயாக வரும்போதும் வேற்றுமை உருபு தொக்க இடங்களிலும் இந்த மயக்கம் தீராது. கையேட்டில் பாதி வாக்கியம் ஏவல் வாக்கியம் என்பதால் இது சிறிய குறையல்ல.

"தூக்கு" என்ற முதனிலையின் பழைய பொருள்களில் எடைபோடுவதும் ஒன்று. "சீர்தூக்கிப் பார்த்தல்" என்று இன்றும் சொல்கிறோம். தொல்காப்பியச் செய்யுளியலில் தூக்கு ஒரு செய்யுளுறுப்பு. தொங்குதல், நிறுத்தல், பாட்டின் இழுப்பு எல்லாம் ஒரே வேரில் கூடுகின்றன. மேலே கட்டி, தொங்கும்படி எடுப்பதுதான் தூக்கு என்றால், அது செயின் பிளாக்குக்குப் பொருந்தும்; கீழிருந்து முட்டி எழுப்பும் ஜாக்கிக்குப் பொருந்தாது. ஜாக்கி செய்வது எழுப்புதல், கிளப்புதல், நெம்புதல்.

மடல் 4 – தனித்தமிழ் அன்பர்

அப்படியானால் "நெம்பி" என்றே வைக்கலாம். நெம்புகோல் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஜகரத்தோடு தொடங்கும் ஒரு சொல்லைப் பாடநூலில் ஏற்ற எனக்கு மனமில்லை. அயற்சொல்லை எடுத்தால் அயலெழுத்தை விட்டுவிட்டு எடு என்பது தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன வழி. "சாக்கி" என்றாவது எழுதுங்கள். முடிந்தால் அதுவும் வேண்டாம். இன்று மாணவனுக்குப் புதிதாக இருக்கும் சொல் நாளை அவன் சொல்லாகிவிடும். பேருந்தும் மிதிவண்டியும் அப்படித்தானே வந்தன?

மடல் 5 – பட்டறைப் பயிற்றுநர்

மிதிவண்டி கீழே விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். இங்கே விஷயம் வேறு. கையேடு எடுத்துக்கொண்டிருப்பது 45 குதிரைத்திறன் டிராக்டர், எடை ஏறத்தாழ 2,000 கிலோ. அதில் பின்னச்சில் விழுவது 1,200 கிலோவுக்குக் குறையாது. 13.6-28 அளவுப் பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்துக்கு இன்னும் சுமார் 200 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் 3 டன் ட்ராலி ஜாக்கி (சிறு சக்கரங்களில் உருளும் ஜாக்கி) தாராளம். ஆனால் பெரும்பாலான ட்ராலி ஜாக்கியின் தலை 50 செ.மீ. அளவுக்குத்தான் ஏறும். பின்னச்சின் அடிப்பாகம் நிற்பதே கிட்டத்தட்ட அந்த உயரத்தில். டயர் தரையைவிட்டு எழ மேலும் சில அங்குலம் வேண்டும்.

அந்தக் குறைக்கு ஜாக்கியின் தலைமேல் மரக்கட்டையை அடுக்குவதில்தான் விபத்து பிறக்கிறது. ட்ராலி ஜாக்கியின் கை நேராக ஏறாது, வளைந்து ஏறும். ஜாக்கியின் சக்கரம் தூசியிலோ பிளவிலோ சிக்கி உருளாமல் நின்றால் தலை பக்கவாட்டில் இழுக்கும், மேலே இருக்கும் கட்டை சாயும். கட்டை வைப்பதானால் ஜாக்கிக்குக் கீழே, அகலமாக, அசையாமல். டிராக்டருக்கு 10 டன் பாட்டில் ஜாக்கியே (புட்டிபோல நின்று நேராக ஏறுவது) நல்லது, அடியில் கனத்த பலகையோடு. எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு. கியரில் நிற்கிறது என்று நம்பக்கூடாது. ஒரு பின்சக்கரம் மேலே எழுந்துவிட்டால் டிபரன்ஷியல் (இரு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். (ஆப்புக்கு யாரும் புதுச்சொல் தேடவேண்டாம், அது என்றும் ஆப்புதான்.)

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கிளப்புகிற கருவியும் நிறுத்துகிற கருவியும் சொல்லிலேயே பிரிந்து நிற்க வேண்டும். ஜாக்கிக்குள் எண்ணெயைத் தடுத்து வைப்பது வால்வும் சில ரப்பர் சீலும்தான். சீல் கசிந்தால் சிறுகச் சிறுக இறங்கும், வால்வில் துரும்பு சிக்கினால் சட்டென்று இறங்கும். அதன்மேல் வண்டியை விட்டுவிட்டு அடியில் புகக்கூடாது. முதலாவது "ஜாக்கி"யாகவே இருக்கட்டும். இரண்டாவதற்குத்தான் நல்ல சொல் வேண்டும். "ஜாக்கி ஸ்டாண்டு" என்ற பெயரே அதை ஜாக்கியின் உதிரிப்பாகம்போல ஆக்கிவிடுகிறது. தேவைப்பட்டால் வாங்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

மடல் 6 – இலக்கிய அன்பர்

சொல் வழியோரத்திலேயே நிற்கிறது: சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒரு கல்லைப் பாவியது. தலைச்சுமைக்காரர் பிறர் உதவியில்லாமல் சுமையை அதன்மேல் மாற்றிவிட்டு இளைப்பாறுவார். அது எதையும் தூக்குவதில்லை. வேறொருவர் உயரத்துக்குக் கொண்டுவந்த சுமையை வாங்கி, அந்த உயரத்திலேயே நிறுத்துகிறது. பயிற்றுநர் கேட்கும் வேறுபாடு அச்சொட்டாக அந்தக் கல்லில் இருக்கிறது. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்" என்ற குறளிலும் தாங்குவது அசையாத ஒன்றுதான்.

"அச்சு" அச்சுக்கூடத்தையும் குறிக்குமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்பதைவிடப் பழைய சான்று வேண்டாம். அளவுக்கு மீறி ஏற்றினால் முறிவது அச்சு. இந்த இயலின் தலைப்பிலேயே போடத்தக்க குறள் அது.

மடல் 7 – பட்டறைப் பயிற்றுநர்

சுமைதாங்கி நன்றாக இருக்கிறது. கூடவே இரண்டு வரி சேருங்கள். சில சுமைதாங்கிகளின் தகட்டில் எழுதியிருக்கும் டன் அளவு ஒன்றுக்கு அல்ல, இணைக்கு. அதைப் பார்த்து வாங்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுமைதாங்கி ஆகா, முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கிளட்ச் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்கும் பகுதியிலும் இந்தச் சொல்லே வரட்டும். இத்தகைய டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. என்ஜினும் கியர்பெட்டியும் போல்ட்டில் பிணைந்தவையே முதுகெலும்பு. பிரித்ததும் முன்பாதி, முன்னச்சின் நடு ஊசியில் ஊஞ்சல்போலச் சாயும். அதனால் பிரிக்குமுன்பே அச்சுக்கும் அதன் தாங்குசட்டத்துக்கும் நடுவே இருபக்கமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். கியர்பெட்டிக்கு அடியில் அசையாத சுமைதாங்கி, என்ஜினுக்கு அடியில் உருளும் சுமைதாங்கி. திரும்பச் சேர்க்கும்போது இரண்டு நீள ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) வழிகாட்டியாகப் போட்டு, என்ஜினின் கனச்சக்கரமான பிளைவீலைச் சுற்றி ஸ்ப்ளைனை (தண்டின் பல்வரிகளை) கிளட்ச் தட்டில் பொருத்த வேண்டும். இடைவெளி கைத்தள்ளலில் மூடவேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்தால் கிளட்ச் தட்டின் நடுக்குடம் உடையும்.

மடல் 8 – கட்டுமானப் பொறியாளர்

நான் உடன்படவில்லை. கொத்தனாரும் தச்சரும் சொல்லும் சொல் "முட்டு". சாயும் சுவருக்கு, தளத்துக்கு, வாழைக்கு எல்லாம் முட்டுக் கொடுக்கிறோம். சத்தமான பட்டறையில் "முட்டுக் கொடுத்தாச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்கலாம். சுமைதாங்கி ஐந்தெழுத்து, வினையாகவும் வராது.

செயின் பிளாக்குக்குச் "சங்கிலிக்கப்பி" போதும். கப்பி என்றால் சாலைக்குப் போடும் சரளைக்கல்லும்தான், ஆனால் சங்கிலி சேர்ந்தபின் மயக்கமில்லை. மூன்று சிலிண்டர் என்ஜின் 300 கிலோ அளவு, 1 டன் கப்பி போதும். மாட்டும் உத்திரம் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜினைக் கப்பியின் கொக்கியில் மாட்டும் இரண்டு கயிறுகளுக்கு இடைக்கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொன்றும் சுமையில் 0.58 பங்கை ஏற்கும், 90 என்றால் 0.71, 120 என்றால் முழுச்சுமையையும். விரித்துக் கட்டினால் கயிறு அறுவது இதனால்தான். கப்பிக்குப் பதில் என்ஜின் தூக்கும் கிரேன் வாங்குவோர், தடியின் நீளத்தை மாற்றும் துளைகளைப் பார்க்கட்டும். 2 டன் கிரேனின் தடியை முழுக்க நீட்டினால் அரை டன்தான் தூக்கும் வகைகள் பல உண்டு.

மடல் 9 – தனித்தமிழ் அன்பர்

ஹைட்ராலிக் ஜாக்கியை "நீரியல்" என்று எழுதியிருப்பதும் தவறு. உள்ளே இருப்பது எண்ணெய். "நீர்மவியல்" என்க. நெம்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

மடல் 10 – கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

புதன் மாலையாகிவிட்டது. ஆறு பேர் ஜாக்கி, ஒருவர் நெம்பி. நான்கு பேர் சுமைதாங்கி, இருவர் முட்டு, ஒருவர் கருத்துச் சொல்லவில்லை. சங்கிலிக்கப்பிக்கு மறுப்பில்லை. பேரிங் "உருள்தாங்கி" ஆகிறது, பின்புற லிப்ட் "இணைப்புத்தூக்கி". நீர்மவியலை மாணவர் உச்சரிப்பார்களா என்று ஐயமாக இருப்பதால் "எண்ணெய் ஜாக்கி" என்று போடுகிறேன். நெம்பியைச் சொல்லடைவில் ஒருமுறை தருகிறேன்.

மடல் 11 – கட்டுமானப் பொறியாளர்

பெயர் சுமைதாங்கி ஆகட்டும். கட்டளை வாக்கியங்களில் மட்டும் "முட்டுக் கொடுத்தபின் ஜாக்கியை இறக்கவும்" என்று விடுங்கள். "சுமைதாங்கியை வைத்தபின்" என்று யாரும் பட்டறையில் பேசமாட்டார்கள்.

மடல் 12 – பட்டறைப் பயிற்றுநர்

அப்படி விட்டால் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள் ஐயா. கட்டளையிலும் பொருளின் பெயர்தான் வரவேண்டும்.