மூன்று காரை விற்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எது சரிவரும்?

கிராணி மகன், சுங்கை சிப்புட்

வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் மூன்று கார். நான் ஈப்போவுக்கு வேலைக்கு ஓட்டும் புரோட்டோன் வீரா 1.5, மனைவி மகனைத் தமிழ்ப்பள்ளியில் விட ஓட்டும் கஞ்சில் 660, அப்பா விட்டுப்போன கேஇ70 மாடல் டொயோட்டா கொரோலா. கொரோலா தகரக் கொட்டகையில் சும்மாதான் நிற்கிறது, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதோடு சரி.

மூன்றையும் விற்றுக் கையில் இருப்பதையும் சேர்த்தால் 45,000 வெள்ளி தேறும். கடன் வாங்க மாட்டேன். மனதில் இருப்பவை: கூரை மடியும் ரெண்டு சீட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 (முதல் தலைமுறை), புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, பிஎம்டபிள்யூ இ30 318ஐ. தினமும் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாக கேமரன் மலை ஏற வேண்டும். மூன்று காருக்கு ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் கட்டுவதற்கு ஒன்றோடு முடித்துக்கொள்ளலாமே என்றுதான் பார்க்கிறேன். எதை எடுக்கலாம்?

ஈப்போ போமன்

தம்பி, ரோட் டாக்ஸ் மிச்சம் என்று சொல்லி வீட்டில் சம்மதம் வாங்கிவிடாதீர்கள். கஞ்சிலுக்கு 20 வெள்ளி, கொரோலாவுக்கு 70, வீராவுக்கு 90. மூன்றும் சேர்ந்தே 180 தான். ஜிடிஐ 1,834 சிசி. 1,800ஐத் தாண்டினால் 280 வெள்ளியில் தொடங்கி, கூடும் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. ஆக 297. ஒரு காருக்கே இவ்வளவு! எம்எக்ஸ்-5 1.6 என்றால் 1,597 சிசி, 90 வெள்ளியோடு போய்விடும். அதே கார் 1.8 என்றால் ஏறக்குறைய 300.

இன்சூரன்ஸ்தான் பெரிய தலைவலி. இத்தனை வயதான காருக்குப் பல இடங்களில் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும்தான் தருவார்கள், அதில் உங்கள் காருக்குக் காசு வராது. காருக்கு ஒரு மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே ஏஜென்டிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் திருடு போன அன்று 45,000மும் போச்சு.

இ30யை விடுங்கள். 318ஐயின் எம்40 இன்ஜினில் கேம் ஷாஃப்ட் தேயும், அடியில் துரு. ஜிடிஐ நல்ல கார்தான், லோட்டஸ் கம்பெனி கைவைத்த சஸ்பென்ஷன், வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் சாதாரண சத்ரியாவில் பாடிகிட்டும் வேறு இன்ஜினும் போட்டு ஜிடிஐ என்று விற்பவர்கள் உண்டு. கெரானில் (காரின் பதிவு அட்டையில்) என்ன இன்ஜின் நம்பர், எத்தனை சிசி என்று பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் பெயர் மாற்ற புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போகும்போது மாட்டுவீர்கள்.

கூரை கழற்றியவன்

ப்ரோ, எம்எக்ஸ்-5 எடுங்கள். 1989ல் வந்தபோதே ஆயிரம் கிலோவுக்குள் இருந்த கார், பின்சக்கர டிரைவ். கியர் மாற்றுவதே ஒரு சுகம். 1.6ல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது. ஜிடிஐயில் அறுந்தால் இன்ஜினைக் கழற்ற வேண்டியதுதான்.

லயன்வீட்டு மாமா

ஏன்பா, ரெண்டு சீட்டு கார்ல பொண்டாட்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பையன் எங்க? டிக்கியிலயா? தோட்டத்துச் செம்மண் ரோட்டுல பழம் ஏத்துற லோரி போன தடத்துல அந்தக் காரோட வயிறு தட்டும். கஞ்சில விக்காத. வருஷத்துக்கு 20 வெள்ளி, மழையோ சேறோ எங்க வேணும்னாலும் போவும்.

இன்னொண்ணு. கேஇ70ய விக்கப்போறேன்னு சொன்னியே, அது என்ன கார்னு தெரிஞ்சுதான் சொல்றியா?

ஈப்போ போமன்

மாமா சொல்வது சரி. கொரோலாவில் பின்சக்கர டிரைவாக வந்த கடைசி செடான் தலைமுறை அது. அடுத்த தலைமுறையில் மற்றதெல்லாம் முன்சக்கரத்துக்கு மாறியபோது, ஏஇ86 என்ற ஸ்போர்ட்ஸ் கொரோலாவும் அதன் தம்பி ஏஇ85உம் மட்டும் பழைய அமைப்போடு நின்றன. ஏஇ86இன் அடிப்பாகத்தில் பாதி உங்கள் காரின் உறவுதான். அதனால்தான் பையன்கள் கேஇ70யைத் தேடி அலைகிறார்கள். பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து ஏஇ86இன் 4ஏ-ஜிஇ இன்ஜின் எடுத்துப் போடுவார்கள். அது 1,587 சிசி, ரோட் டாக்ஸ் 90. ஆனால் முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கிக் கெரானில் ஏற்ற வேண்டும். இன்ஜினைத் தொடாமல் ஷாக் அப்சார்பர், புஷ், பிரேக் மட்டும் புதுசாகப் போட்டாலே கேமரன் மலையில் சிரித்துக்கொண்டு ஓட்டலாம். நாலு பேர் உட்காரலாம்.

கிராணி மகன்

அண்ணே, கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சின்ன வயதிலிருந்து அந்தக் காரின் பின்சீட்டில் வாந்தி எடுத்தவன் நான், அதை ஸ்போர்ட்ஸ் காராகப் பார்க்க மனம் வரவில்லை. எம்எக்ஸ்-5இல் எழுந்து நிற்கும் அந்த ஹெட்லைட் மேல்தான் ஆசை.

சரி, கஞ்சில் இருக்கட்டும். கொரோலாவையும் இப்போதைக்கு விற்கவில்லை, வீராவை மட்டும் விற்கிறேன். பட்ஜெட் குறையும், பரவாயில்லை. தைப்பிங்கில் 1990ல் வந்த எம்எக்ஸ்-5 1.6 ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

கூரை கழற்றியவன்

தைப்பிங்கா! மழைக்குப் பேர்போன ஊர், அதனால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். சீட்டுக்குப் பின்னால் கூரை மடியும் இரண்டு மூலையிலும் தண்ணீர் வடியும் துளை இருக்கும். அது இலை, தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கதவுக்குக் கீழே ஓடும் தகரச் சட்டத்தைத் துரு உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும், ஏமாறாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள், அடியில் வெளியே வர வேண்டும். பின் கண்ணாடி பிளாஸ்டிக்தான், மஞ்சளாகி வெடித்திருந்தால் விலையில் கழியுங்கள்.

அதைவிட முக்கியம், பானெட்டைத் திறந்து, இன்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியைப் பாருங்கள். ஆரம்பகால 1.6ல் கிராங்கின் முன்முனை குட்டை. யாராவது பெல்ட் மாற்றும்போது நடு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் பற்சக்கரத்தைக் கிராங்கில் பூட்டும் சின்ன இரும்புத் துண்டு (சாவி) ஆடி ஆடிக் கிராங்கே வீணாகும். புல்லியில் நாலு துளை என்றால் குட்டை, எட்டு என்றால் பின்னால் வந்த நீளமான கிராங்க். 1990 என்கிறீர்கள், நாலுதான் இருக்கும். இன்ஜின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

லயன்வீட்டு மாமா

பையனையும் கூட்டிக்கிட்டுப் போ. ஆனா கஞ்சில்ல போ.