முறிகண்டியில் நிறுத்தினால் பிடிக்காத ஓஸ்ரின்

ஓமந்தைக்காரன்: என்னிடம் இருப்பது 1953ஆம் ஆண்டு ஓஸ்ரின் ஏ40 சொமர்செற். அப்பாவின் கார். வவுனியாவிலிருந்து முறிகண்டி வரை குறை சொல்ல முடியாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெற்றோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் நின்றால் பிடித்துவிடுகிறது. பழைய பம்பைக் கழற்றிவிட்டு மின்சார பம்ப் பூட்டலாம் என்கிறார் மெக்கானிக். பூட்டலாமா?

மாங்குளம் ஸ்பானர்: வேண்டாம் தம்பி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இந்தக் கார்களை, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்போதும் மண்ணெண்ணெய் போனது இதே பம்பால்தான். உள்ளே இருப்பது ஒரு றபர்த் தகடும் இரண்டு வால்வும். தகட்டை மாற்றிப் பாருங்கள்.

வட்டக்கச்சி வயர்: ஐயா, மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, பெற்றோல் ஆகும். அந்தக் கதை இதற்குப் பொருந்தாது. பழைய பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, அது சுற்றுவதால் இயங்கி, பின்னாலிருக்கும் தாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். சூடும் சேர்ந்தால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்துவிடும். மின்சார பம்பைத் தாங்கிக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பூட்டினால் அது தள்ளும். தள்ளப்படும் பெற்றோல் அவ்வளவு லேசில் கொதிக்காது.

மாங்குளம் ஸ்பானர்: காபுரேற்றர்க் கிண்ணத்தில் கொதித்தால் எந்தப் பம்பும் தடுக்காது. அதோடு, கார் எங்காவது மோதி எஞ்சின் நின்றால் என் பம்பும் நிற்கும். உங்களுடையது சாவியை மூடும்வரை உடைந்த குழாயால் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். ஏ9 வீதியில் இரவு லொறிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியாததா?

வட்டக்கச்சி வயர்: அதற்கு, மோதினால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் இருக்கிறது. ஓயில் அழுத்தம் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் சுவிட்சும் இருக்கிறது. உங்கள் றபர்த் தகடு கிழிந்தால் பெற்றோல் எஞ்சினின் அடியிலுள்ள ஓயில் தொட்டிக்குள், சம்புக்குள் இறங்கி ஓயிலைத் தண்ணீராக்கும், அதையும் சொல்லுங்கள். மொறிஸ் மைனருக்குத் தொழிற்சாலையிலேயே மின்சார பம்ப்தான் பூட்டினார்கள்.

மாங்குளம் ஸ்பானர்: பூட்டினார்கள். அது டிக் டிக் என்பதை நிறுத்தினால் ஸ்பானர்ப் பிடியால் ஒரு தட்டுத் தட்டித்தானே ஊர் போய்ச் சேர்ந்தோம்!

பரந்தன் பொடியன்: எதற்கு இவ்வளவு யோசனை? புதிய ஜப்பான் காரின் பம்ப் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.

வட்டக்கச்சி வயர்: தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். புதிய கார்களில் இருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேல் தள்ளும். இந்தக் காபுரேற்றருக்கு 2, 3 இறாத்தல் போதும். கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கும் மிதவையின் ஊசி தாங்காது, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் வழியும். இன்னொன்று: சொமர்செற்றில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. எதிர்முனை உடலுக்கென்று செய்த பம்பை யோசிக்காமல் கொடுத்தால் அன்றே கருகலாம்.

மாங்குளம் ஸ்பானர்: இதில் மட்டும் வயர்த் தம்பியோடு நான் ஒன்று. ஓமந்தைக்காரன், எதையும் வாங்கும் முன் பம்புக்கு வரும் றபர்க் குழாயை வளைத்துப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து வெடிப்பு வெளியே ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும்.

ஓமந்தைக்காரன்: வளைத்தேன். பனங்காயில் கீறல் விழுந்தது போல மூன்று வெடிப்புகள். குழாயை மாற்றி, பம்புக்கும் சைலன்சர்க் குழாய்க்கும் இடையில் ஒரு தகரமும் அடித்தேன். நேற்று முறிகண்டியில் கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

மாங்குளம் ஸ்பானர்: பிறகென்ன?

வட்டக்கச்சி வயர்: நேற்று முறிகண்டியில் மழை, ஐயா. கார்த்திகையில் என் உழவு இயந்திரமும்தான் முதல் சுற்றில் பிடிக்கிறது. சித்திரை நடுப்பகலில் நிறுத்திவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஓமந்தைக்காரன்: எழுதுகிறேன். ஈரத்துணியைக் காரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.