லாட்ஜ், கருவாடு, கருப்பட்டி சைட்கள்: ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை எது ஓடுது, எது இடறுது

(சைட் கட்டுறவங்க பேச்சு இது. ஒவ்வொரு ஊர்ப் பேருக்குக் கீழேயும் அந்த ஊர்க்காரர் சொன்னது.)

மண்டபம்

நம்ம கடற்கரையில சைட் கேட்கிறவங்க பெரும்பாலும் மூணு வகை: ராமேஸ்வரம் லாட்ஜ், பாம்பன் தொண்டி பக்கம் கருவாடு, சாயல்குடி பக்கம் கருப்பட்டி. எதுவும் ஆறேழு பக்கத்தைத் தாண்டாது. ஆனா ஏஐ கருவியிடம் "லாட்ஜுக்கு சைட் போடு"ன்னா அது பாட்டுக்கு ரியாக்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட்டால் பக்கம் கட்டுற நூலகம்) ஒரு முழு ஆப்பையே கட்டிக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க இறங்கும் வரை பார்க்கிறவர் கையில் வெள்ளைத் திரைதான். சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல அவர் காத்திருக்க மாட்டார், அடுத்த லாட்ஜுக்குப் போயிடுவார்.

இதுக்கு அஸ்ட்ரோ அல்லது லெவன்டி போதும். பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல்லா கட்டி வச்சிடும். அஸ்ட்ரோ தானா எந்த ஸ்கிரிப்ட்டையும் அனுப்பாது. அறை பதிவு நாட்காட்டி மாதிரி ஒண்ணுக்கு மட்டும் "கிளையன்ட் விசிபிள்" போட்டா, அந்தப் பகுதி திரைக்குள்ள வரும்போதுதான் அதோட ஸ்கிரிப்ட் இறங்கும்.

பழைய பாடம் பார்த்து கிரியேட் ரியாக்ட் ஆப்பில் (ரியாக்ட் திட்டம் தொடங்கித் தர்ற பழைய கருவி) தொடங்காதீங்க. 2025 பிப்ரவரியில ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டாச்சு. ரியாக்ட் வேணும்னே இருந்தா வீட் (Vite, சைட்டைக் கட்டித் தர்ற கருவி) எடுங்க. நெக்ஸ்ட் ஜேஎஸ் (ரியாக்ட் மேல கட்டின சட்டகம்) ஓடுற சைட் கையில இருந்தா, 2025 டிசம்பரில் ரியாக்ட் சர்வர் காம்பொனன்ட்ஸில் (சர்வரிலேயே ஓடுற ரியாக்ட் பகுதி) வெளியான பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. ரியாக்ட் 19.0 வரிசைக்கு 19.0.1, 19.1-க்கு 19.1.2, 19.2-க்கு 19.2.1, அல்லது அதுக்கும் மேல. நெக்ஸ்ட்டைத் தனியா ஏத்தணும், ஏன்னா அது ரியாக்ட்டைத் தனக்குள்ளயே வச்சிருக்கு.

ராமேஸ்வரம்

லாட்ஜ் சைட்டுல எடை முழுக்கப் படம்தான். ஃபோன்ல எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏத்திடறாங்க. ஒவ்வொரு படத்தையும் 480, 960, 1600 அகலத்தில் வெட்டி, பிக்சர் டேக்கில் முதலில் ஏவிஃப், அடுத்து வெப்பி, கடைசியா ஜேபெக்னு மூணு பட வடிவத்தையும் அடுக்குங்க. அகலம், உயரம் இரண்டையும் டேக்கிலேயே எழுதுங்க. இல்லைன்னா படம் இறங்கினதும் பக்கம் குதிக்கும், "புக்" பட்டனை அமுக்கப் போன விரல் வேற எங்கயோ படும்.

அதிகமா நடக்கிற தப்பு, முகப்புப் படத்துக்கும் சோம்பல் ஏற்றம் (திரைக்குப் பக்கத்தில் வந்தாத்தான் படத்தை இறக்கறது) போடறது. வேர்ட்பிரஸ் செருகுநிரல் சிலது எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுவிடும். மேலே தெரியற முதல் படத்துக்கு மட்டும் அதை எடுத்துட்டு, ஃபெட்ச் பிரயாரிட்டியை (இறக்குற முன்னுரிமை) "ஹை" ஆக்குங்க. ஸ்லைடர் வேண்டவே வேண்டாம். முதல் படத்தோட முகவரி ஸ்கிரிப்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தா பிரவுசருக்கு அது தாமதமாத்தான் தெரியும். சிஎஸ்எஸ் பின்னணிப் படத்துக்கும் இதே கதிதான்.

கூகுள் பார்க்கிற அளவு: எல்சிபி (திரையில் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடி, ஐஎன்பி (தட்டினதுக்குப் பதில் காட்ட ஆகும் நேரம்) 200 மில்லிநொடி, சிஎல்எஸ் (பக்கம் குதிக்கிற அளவு) 0.1. மொத்த வருகையில் 75 விழுக்காடு இதுக்குள்ள இருக்கணும். பழைய எஃப்ஐடி (முதல் தட்டலுக்கு ஆகும் தாமதம்) 2024 மார்ச்சிலேயே போயாச்சு. லைட்ஹவுஸ்ல (கூகுளோட சோதனைக் கருவி) 98 வாங்கறதும் இதுவும் ஒண்ணில்லை. அது உங்க மேசையில் நடக்கிற சோதனை, இது வர்றவங்க கைப்பேசியில் நடக்கிறது. சின்ன லாட்ஜுக்கு வருகை குறைவுங்கிறதால கூகுள் அறிக்கையில் தரவே இருக்காது. இந்த அளவுகளை எடுக்கிற வெப் வைட்டல்ஸ் நூலகத்தைப் போட்டு நீங்களே பதிஞ்சுக்கங்க.

அறை வாடகையைப் படமாப் போடாதீங்க, எழுத்தாப் போடுங்க. "வருவது எப்படி" பக்கத்தையும் ஒருதரம் திறந்து பாருங்க. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்னைக்குத் திறந்து ரயில் ராமேஸ்வரம் வரை வருது. இன்னமும் "மண்டபத்தில் இறங்கவும்"னு எழுதி வச்சிருக்கிற சைட் இருக்கு. பெட்டி படுக்கையோட வயசானவங்க நடுவழியில் இறங்கினா அது யார் குத்தம்?

கீழக்கரை

டெய்ல்விண்ட் 4 (பக்கத்தோட நிறம், அளவு எழுதற சிஎஸ்எஸ் சட்டகம்) பத்தி ஒரு எச்சரிக்கை. அதுக்கு குறைந்தது குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்ஃபாக்ஸ் 128 வேணும். ஆண்ட்ராய்டு 6 ஃபோனுக்கு வந்த கடைசி குரோம் 106. அதுல பக்கம் திறக்கும், ஆனா ஓகேஎல்சிஎச் முறையில் எழுதின நிறம் எதுவும் புரியாது. பட்டனோட பின்னணி நிறம் போய், வெள்ளை மேல வெள்ளை எழுத்தா நிக்கும். ஆண்ட்ராய்டு 7 குரோம் 119 வரை போகும், அதனால தப்பிச்சுடும்.

முழுத் திரை உயரம் வைக்கிறப்ப முதல் வரியில் 100 விஎச் (திரை உயர அளவு), அடுத்த வரியில் 100 டிவிஎச் (முகவரிப் பட்டைக்கு ஏத்தபடி மாறுற உயரம்) எழுதுங்க. டிவிஎச் குரோம் 108-லதான் வந்தது. வெறும் விஎச் மட்டும்னா முகவரிப் பட்டை தெரியறப்ப அடியில இருக்கிற "அழைக்க" பட்டன் மறைஞ்சுபோகும்.

தொண்டி

காக்கா (அண்ணே), அப்ப டெய்ல்விண்ட் 3.4-லேயே நின்னுடலாமா?

கீழக்கரை

வர்றவங்களைப் பொறுத்தது தம்பி. பெரும்பாலும் வெளிநாட்டு ஆர்டர்னா 4 போங்க. உள்ளூர்ச் சந்தைக்காரங்க விலை பார்க்கிற சைட்னா 3.4 போதும், குறை ஒண்ணுமில்லை. அந்தப் பழைய ஃபோன்ல இன்னொண்ணும் இருக்கு: லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமா எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தர்ற அமைப்பு) சான்றிதழோட வேர்ச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தினதில் கிடையாது. கைகொடுத்துக்கிட்டிருந்த குறுக்குக் கையொப்பமும் (பழைய வேர்ச் சான்றிதழ் போட்ட ஒப்பம்) 2024 செப்டம்பரோட முடிஞ்சது. ஃபோனோட சொந்தச் சான்றிதழ்க் கிடங்கை நம்பற பழைய குரோம்ல "பாதுகாப்பற்றது"ன்னு சிவப்பாக் காட்டினா, நிறம், உயரமெல்லாம் பேசறதுக்கே வேலை இல்லை.

ராமநாதபுரம்

எல்லோரும் வேகம் பேசுகிறீர்கள். தமிழ் எழுத்து உடைவதைப் பற்றியும் பேச வேண்டும். அது நம் சைட்களில்தான் அதிகம், வெளியூர் வழிகாட்டிகளில் தீர்வும் கிடைக்காது.

தலைப்பை ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றவைக்கும் அசைவூட்டம் இப்போது பரவலாக இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் வெற்று ஸ்ப்ளிட்டால் பிரித்தால் "மீன்" என்பது ம, ீ, ன, ் என்று நான்கு துண்டாகும். துணைக்குறிகள் புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். பிரவுசரிலேயே உள்ள இன்டல் செக்மென்டரில் (Intl.Segmenter) "கிராஃபீம்" (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) அளவில் பிரியுங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் 2024-இல் வந்துவிட்டது.

அச்சகத்திலிருந்து வரும் விலைப்பட்டியல் பெரும்பாலும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினி எழுத்துருவையே சைட்டில் ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. கூகுளுக்கு அந்தப் பக்கம் கடைசி வரை குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்துகளையும் கொம்பு வரும் எழுத்துகளையும் கண்ணால் சரிபாருங்கள்.

தேடல் பெட்டி: "கொடுவா" என்பதில் உள்ள கொ இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒன்று, ொ என்ற ஒரே குறி. மற்றொன்று, ெ, ா என இரண்டு குறி. பார்வைக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. மீன் இருக்கும், தேடினால் வராது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் (இரண்டையும் ஒரே குறி வடிவத்துக்குக் கொண்டுவருவது) இயல்பாக்குங்கள்.

எழுத்துருவைச் சுருக்கும்போது ஜிசப் அட்டவணை (எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் விதிகள்) வெட்டுப்பட்டால் கு, கூ, டி போன்றவை சேராமல் நிற்கும். ₹ குறியையும் வைத்துக்கொள்ளும் எழுத்துகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விலை மட்டும் வேறு எழுத்துருவில் வரும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரம் தமிழுக்குப் போதாது. பத்திகளுக்கு 1.6-இலிருந்து தொடங்கி, ஸ்ரீ, கூ போன்றவை மேல் கீழ் வரிகளில் முட்டாத வரை கூட்டுங்கள். நீண்ட சொல் சிறு திரையைத் தாண்டி ஓடினால் ஓவர்ஃப்ளோ ராப் "எனிவேர்". அது எங்கே வேண்டுமானாலும் வெட்டிவிடும் என்பதால் பட்டன்களுக்கு மட்டும் வையுங்கள், பத்திக்கு வேண்டாம்.

ராமேஸ்வரத்துக்கு இந்தியும் தெலுங்கும் பேசும் யாத்ரீகர்கள் ஏராளம். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி, லேங் பண்பு (பக்கத்தின் மொழியைச் சொல்வது), எச்ரெஃப்லேங் இணைப்பு (மற்ற மொழிப் பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டுவது) கொடுங்கள். ஊரைக் கணித்துத் தானாக மொழி மாற்றாதீர்கள்.

பாம்பன்

கருவாடு, மீன் விலைப் பக்கத்துக்கு சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்தைப் பின்னாலிருந்து சேமிச்சுத் தர்ற ஸ்கிரிப்ட்) போடறவங்களுக்கு. "கேஷ் முதலில்" (சேமிச்சு வச்சதை முதல்ல காட்டறது) முறையை லோகோ, எழுத்துருவோட நிறுத்திக்கங்க. விலைக்கு "நெட்வொர்க் முதலில்", 3 நொடியில் பதில் வரலைன்னா கேஷ்ல உள்ளதைக் காட்டி, மேலே "இந்த விலை இத்தனை மணிக்கு எடுத்தது"ன்னு போடுங்க. நேத்து விலையை இன்னைக்கு விலைன்னு நம்பி வண்டி எடுத்து வர்றவங்க இருக்காங்க. கேஷ் பெயர்ல பதிப்பு எண் வச்சு, புதுசு ஏறினதும் பழசை அழிங்க. ஐஃபோன்ல முகப்புத் திரையில் சேர்க்காத சைட்டை ஏழு நாள் தொடாமல் சஃபாரியைப் பயன்படுத்திக்கிட்டிருந்தா, சேமிப்பை அதுவே அழிச்சிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்ப பொருள் பக்கங்களை நீக்கிடாதீங்க. நீக்கினா 404 ஆகி, தேடலில் பிடிச்ச இடமும் போயிடும். பக்கம் இருக்கட்டும், ஸ்கீமாவுல (தேடுபொறி படிக்கிற பொருள் விவரக் குறி) "அவுட் ஆஃப் ஸ்டாக்"னு மாத்துங்க. நாட்டுப்படகு மீன் தனியா இருந்தா அதைத் தனிப் பட்டியலாக் காட்டுங்க.

வாட்ஸ்அப் ஆர்டர் இணைப்புல எண்ணுக்கு முன்னாடி 91 மட்டும், பிளஸ்ஸும் பூஜ்யமும் கூடாது. செய்தியைக் கண்டிப்பா இணைப்புக்கு ஏத்த குறியீடா என்கோடு பண்ணுங்க. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தா விரியும்கிறதால செய்தி சுருக்கமா இருக்கட்டும். யுபிஐ இணைப்புல பணம் வந்ததுக்குச் சாட்சி வாடிக்கையாளர் அனுப்புற ஸ்கிரீன்ஷாட் இல்லை. கட்டண நிறுவனத்தோட வெப்ஹுக் (தானா வர்ற பண அறிவிப்பு) உங்க சர்வருக்கு வந்து, தொகையும் ஆர்டர் எண்ணும் பொருந்தின பிறகுதான் பார்சல் கட்டணும்.

தொண்டி

சைட்டோட எச்டிடிபிஎஸ் சான்றிதழை வருஷத்துக்கு ஒருதரம் கையால புதுப்பிக்கிறோம். தொடரலாமா?

மண்டபம்

முடியாது. 2026 மார்ச் 15-லிருந்து உச்ச ஆயுள் 200 நாள், 2027 மார்ச் 15-லிருந்து 100, 2029 மார்ச் 15-லிருந்து 47. ஏக்மி (சான்றிதழைத் தானா வாங்கற நெறிமுறை) மூலமா தானியங்கிப் புதுப்பிப்பு போடுங்க. அது நின்னுபோனா தெரியணும்னு, காலாவதிக்கு 14 நாள் இருக்கும்போதே ஒரு எச்சரிக்கை ஃபோனுக்கு வர்ற மாதிரி வைங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூணுக்கும் பத்து நாள் முன்னாடி கையாலயும் ஒருதரம் பாருங்க.