புதுப்பிப்பு: புறாத்தீவில் பறவை பார்க்கலாமா?

யூலையில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு வருகிறோம், புறாத்தீவில் பறவை பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்துவிட்டோம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான்.

படகில் வந்த மற்றவர்கள் முருகைக்கல் பார்க்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட, நாங்கள் பாறைப் பக்கம் போனோம். இடுக்குகளில் மாடப்புறாக்கள்: சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுக்கம். “கோயில் கோபுரத்தில இருக்கிறதுதானே?” என்றாள் தங்கச்சி. அதே இனம்தான், ஆனால் இவை காட்டுப் புறாக்கள். 2003இல் தேசியப் பூங்காவான இந்தத் தீவுக்குப் பெயர் வந்ததே இவற்றால்தான்.

வலசைப் பறவை தேடுபவர்களுக்கு யூலை சரிவராது. அவை ஐப்பசிக்குப் பிறகுதான் நிறைய வரும். அப்போது வாடையில் கடல் கொந்தளிக்கும், படகுப் பயணம் சந்தேகம். அந்த நாட்களில் குச்சவெளிப் பக்கக் களப்புகளுக்குப் போங்கள், தொலைநோக்கியோடு.