கராத்தே யாருடையது, ஜப்பானா ஒகினாவாவா?

பழைய பெல்ட்:
கராத்தேயை ஜப்பானியக் கலை என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். பிறந்தது ஒகினாவாவில். அந்தத் தீவுகள் 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு, தனி மொழி, தனி ராஜா. ஜப்பான் தீவுகளைத் தன் மாகாணமாக்கிக்கொண்டு, அப்புறம் கலையையும் எடுத்துக்கொண்டது. சாமுராய்கள் ஆயுதங்களைப் பறித்ததால் விவசாயிகள் ராத்திரியில் ஒளிந்து வளர்த்த வித்தை இது.

மூன்றாம் பாய்:
கடைசி வரி சினிமாக் கதை அண்ணே. 1609இல் ஜப்பானின் சத்சுமா சாமுராய்ப் படை வந்தது உண்மைதான், ஆனால் பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பெரும்பாலும் பெச்சின் என்ற மேல்தட்டுக்காரர்கள். மட்சுமுரா சோகோன் ராஜாவுக்கே மெய்க்காவலராக இருந்தவர், வயலில் களை பிடுங்கியவர் இல்லை. அப்புறம் "எடுத்துக்கொண்டது" என்கிறீர்களே, 1922இல் ஒகினாவா ஆசான் ஃபுனாகோஷியைக் கையைக் கட்டியா டோக்கியோவுக்கு இழுத்துப் போனார்கள்? தானாகப் போய்ச் செய்து காட்டினார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளிக்கே அழைத்தார். வெள்ளை உடை, பெல்ட், டான் என்ற கறுப்பு பெல்ட் படிநிலை எல்லாம் ஜூடோவிலிருந்து வந்தவை. உங்கள் பெயரிலேயே இருக்கும் பெல்ட் உட்பட.

பழைய பெல்ட்:
பெல்ட் வெறும் உடுப்பு தம்பி, உள்ளே இருக்கும் கதா, அதான் வரிசையாகச் செய்யும் அடி-தடுப்பு அசைவுகள், யாருடையது? பினான் என்ற கதாவை ஹெயான் என்றும் குஷான்குவைக் கான்கு என்றும் மாற்றிக் கூப்பிட்டால் பிறந்த வீடு மாறிவிடுமா? "கரா" என்பதற்கு முதலில் சீனாவைக் குறிக்கும் எழுத்துதான் இருந்தது. சீனாவோடு மோதிக்கொண்டிருந்த 1930களில் அது சங்கடமாகிவிட்டது, அதே உச்சரிப்புள்ள "வெறுமை" என்ற எழுத்தைப் போட்டு மூடினார்கள்.

மூன்றாம் பாய்:
அந்த எழுத்தை ஹனாஷிரோ சோமோ 1905லேயே எழுதிவிட்டார், அவர் ஒகினாவாக்காரர். 1936 அக்டோபரில் நாஹாவில் கூடி அதையே ஏற்றுக்கொண்டதும் அங்குள்ள ஆசான்கள்தான், மியாகி சோஜுனும் இருந்தார். நீங்கள் சொல்லும் பினான் கூட ஒகினாவா ஆசான் இதோசு, பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தது. இந்தப் பயிற்சி பிற்காலத்தில் ராணுவத்துக்கும் பயன்படும் என்று 1908இல் அவரே கடிதம் எழுதினார். கலையை மாற்றியது டோக்கியோ மட்டும் இல்லை, ஒகினாவாவே கதவைத் திறந்துவிட்டது.

பழைய பெல்ட்:
சரி, விவசாயிக் கதையை வாபஸ் வாங்குகிறேன், அதை என் மாஸ்டர் சொல்லி நம்பியவன் நான். ஆனால் கதவைத் திறந்தார்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லாதே. நாட்டையே இழந்தவன், தன் பிள்ளைகளும் கலையும் புது எஜமானனிடம் மரியாதையாகப் பிழைக்க வேண்டும் என்று செய்ததை விருப்பம் என்று மட்டும் கணக்கு எழுத முடியுமா? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் கதாவில் தங்கம் வாங்கினாரே கியூனா ரியோ, ஒகினாவாவில் பிறந்து ஒலிம்பிக் தங்கம் தொட்ட முதல் ஆள். இறுதிச்சுற்றில் செய்தது ஓஹான் டாய், அவருடைய ரியூயே-ரியூ மரபின் கதா. மேலே ஏறியது மட்டும் ஜப்பான் கொடி.

மூன்றாம் பாய்:
அந்தக் கொடிக்காகத்தானே அவரும் போட்டியிட்டார்?

நடுவில் ஒருவன்:
ரியூயே-ரியூவை ஆரம்பித்த நகாய்மா சீனாவில், ஃபூஜோவில் கற்று வந்தவர் என்றுதான் அந்தக் குடும்பமே சொல்கிறது. மியாகியின் குரு கான்ரியோவும் அங்கே போய்க் கற்றவர்தான். இதைச் சொன்னதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடிப்பதாக இருந்தால், தயவுசெய்து ஒரே ஸ்டைலில் அடியுங்கள்.