எல்லாம் இருக்கிறது, எதிலும் ஒட்டுதல் இல்லை: இது நோயா, வயதா?

நெல்லை_நிலஅளவர்:
நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் மாதாமாதம் வந்துவிடுகிறது. மகன் பெங்களூரில், மகள் மதுரையில். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பசிக்கிறது, படுத்தால் தூக்கமும் வருகிறது. ஆனால் எதிலும் மனம் ஒட்டமாட்டேன் என்கிறது. செய்தித்தாளைத் தங்கம் விலை, ஏல அறிவிப்பு வரை படித்து முடித்தாலும் மணி ஒன்பது ஆவதில்லை. துக்கம் என்று சொல்லமுடியாது. நண்பர் ஒருவர் பூங்காவில் நடக்கும் சிரிப்பு மன்றத்துக்கு அழைத்துப் போனார். கையைத் தூக்கி "ஹா ஹா" என்று சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே நாற்காலி. "உங்களுக்கு என்னதான் குறை?" என்று மனைவி கேட்கிறாள். இதற்கு டாக்டரிடம் போகவேண்டுமா, வயதானால் இப்படித்தானா?

வயலூரான்:
ஐயா, நீங்கள் கொடுத்து வைத்தவர். எனக்கு வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை. காலையில் நடை, மாலையில் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருந்தால் மனம் எதையாவது தோண்டத்தான் செய்யும்.

கோவை_பேராசிரியை:
வயலூரான் கோபிக்கக் கூடாது. நோய் இல்லை, கடன் இல்லை, ஆகவே மனம் நன்றாக இருந்தாக வேண்டும் என்ற கணக்கே தப்பு. கல்லூரியில் உளவியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். கோரி கீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 25 முதல் 74 வயதுவரை உள்ள சுமார் 3000 பேரின் விவரங்களை வைத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நன்றாகச் செழித்து வாழ்கிறார்கள் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காடுதான். மனச்சோர்வு நோயும் இல்லாமல், வாழ்க்கையில் பிடிப்பும் இல்லாமல் வாடிக் கிடந்தவர்கள் 12 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். ஐயா எழுதியிருப்பது இவர்கள் கதை போலத்தான் தெரிகிறது.

இன்னொருவர் கேரல் ரிஃப் என்ற அமெரிக்க உளவியலாளர். மனநலத்தை அவர் ஆறாகப் பிரித்தார்: தன்னை ஏற்றுக்கொள்வது, நல்ல உறவுகள், சொந்தமாக முடிவெடுப்பது, அன்றாடக் காரியங்களைச் சமாளிப்பது, வாழ்வில் ஒரு நோக்கம், இன்னும் வளர்கிறோம் என்ற உணர்வு. 1989-இல் வந்த அவருடைய ஆய்வில், கடைசி இரண்டும்தான் முதியவர்களிடம் குறைந்து காணப்பட்டன. ஐயாவின் கடிதத்தில் முதல் நான்குக்கும் பெரிய சேதம் தெரியவில்லை. மற்ற இரண்டையும் சிரிப்பு மன்றத்தில் தேடினால் கிடைக்காது. (சிரிப்பு மன்றத்தார் மன்னிக்கவும்.)

அதற்காக டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. கடந்த 2 வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, விழித்தபோது தெம்பாக இருந்ததா என்பது போன்ற ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போட்டு, கூட்டி, 4-ஆல் பெருக்குங்கள். 50-க்குக் கீழே வந்தால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் படிவமெல்லாம் வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, உடனே அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று கேட்கிறேன். கடைசியாக எந்த நாளில் உங்களுக்குச் சாப்பாடு ருசித்தது?

நெல்லை_நிலஅளவர்:
அம்மா, கூட்டிப் பார்த்தேன். 52 வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறேன் போலிருக்கிறது. அடுத்த முறை சர்க்கரைக்குப் போகும்போது டாக்டரிடம் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: என் சித்தப்பா மகனுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு. எல்லைக் கல்லையே காணோம் என்று இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தை விரித்து, மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லிலிருந்து டேப் பிடித்து, கருவேல மரத்து மூட்டுக்குக் கீழே தோண்டச் சொன்னேன். முழங்கை ஆழத்தில் கடப்பாரை "ணங்" என்றது. தலை உடைந்த பழைய கல், அம்புக்குறி மட்டும் அழியாமல் இருந்தது. அன்றைக்கு மதியம் வெறும் ரசமும் அப்பளமும்தான். மூன்று முறை சோறு வாங்கினேன்.

வயலூரான்:
அப்படியானால் இதையே செய்யலாமே ஐயா. எங்கள் ஊரில் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எது வடக்கு என்று கேட்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். என்னையும் சேர்த்து.

கோவை_பேராசிரியை:
செய்யுங்கள், ஆனால் ஒருவருக்காவது கற்றுக்கொடுங்கள். நீங்களே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அது பழைய வேலையின் மிச்சம்தான். உங்களுக்குத் தெரியாததையும் ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் கருவியில் அளக்கிறார்களாமே, அது உங்களுக்குப் பழக்கம் உண்டா?

நெல்லை_நிலஅளவர்:
இல்லை. அது வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். என் மாணவனாக இருந்த பையன் ஒருவன் அதில்தான் வேலை செய்கிறான். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கிறேன்.

வயலூரான், நான் அளப்பது சட்டப்படி செல்லாது. முறையாக மனுப் போட்டுத் துறையைத்தான் அழைக்கவேண்டும். படம் பார்க்க நான் சொல்லித் தருகிறேன். உங்கள் புலப்படத்தோடு நான்கு பக்கத்துப் புலங்களின் படங்களையும் எடுத்து வையுங்கள். ஒரு புலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல் தேடுகிறவனை நான் நம்பமாட்டேன்.