மறதியே இல்லாத மறதி நோய்

அண்ணனுக்கு 54 வயதில் ஆரம்பித்தது. அத்தை இறந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் செல்போனில் ஏதோ பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். திமிர் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அண்ணி காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, "சாப்பாடு ஆச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். இனிப்பைத் தொடாத மனிதர், சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக்கொண்டார்.

மனச்சோர்வு என்று இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகச் சோதனையில் 30-க்கு 28 வாங்கினார். "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று எங்களிடமே காட்டினார். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணியிடம் பேசினார், முக்கால் மணி நேரம். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் முன்பகுதி சுருங்கியிருந்தது. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார், மறதி நோயில் (டிமென்ஷியா) ஒரு வகை. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வருமாம். இந்த வகையில் முதலில் போவது குணம். ஞாபகம் பல நாள் தாக்குப்பிடிக்கும். ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892-லேயே இப்படிப்பட்ட மூளைச் சுருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர், தன் நோயாளியைப் பற்றிப் பேசியதே 1906-ல்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அவரை எவ்வளவு திட்டியிருக்கிறோம்!

மறுமொழி:
என் அம்மாவுக்கு வேறு வகை டிமென்ஷியா, லூயி பாடி என்பார்கள். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். "மூலையில ரெண்டு குழந்தைங்க உக்காந்திருக்கு, குளிருது பாரு, போர்வை குடு" என்பார். காலையில் தடுமாறுவார், மதியம் என்னைவிடத் தெளிவாகக் கணக்குப் பார்ப்பார். நடிக்கிறார் என்றார்கள் சொந்தக்காரர்கள். பல வருடம் முன்பே தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதறுவார். அதுவும் இதன் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் இரவு அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மூன்று நாள் கட்டையாக விறைத்துக் கிடந்தார். இந்த நோய்க்கு அந்த வகை மருந்து ஆபத்து. இப்போது நோயின் பெயரை அட்டையில் எழுதி அவர் பையிலேயே வைத்திருக்கிறேன்.

மறுமொழி:
முதலில் எழுதியவருக்கு: அண்ணி இப்போது எப்படிச் சமாளிக்கிறார்?

மறுமொழி:
அண்ணிக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் குறைந்திருக்கிறது. வங்கிக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே வைத்தாலும் அண்ணன் கண்டுபிடித்துவிடுகிறார். ஞாபகம்தான் நன்றாக இருக்கிறதே.